ஆத்தா சொன்னது

“சத்தம் போடாதீங்க! ஆத்தா பேசறது என் காதுல விழ வேண்டாமா?” என்று நாகையா கையை உயர்த்தினார். லோவு மாரியம்மன் கோயிலில் உடுக்கைகூடச் சட்டென்று அடங்கியது.

ஆத்தா வந்திருந்தது சரளாவின் மேல். லாட்டோகா சந்தையில் கத்தரிக்காய் விற்கும் சரளாவுக்கு, கரும்பு வெட்டக் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எல்லோரையும் போல, இந்திதான் பேச்சு. ஆனால் வேப்பிலையைக் கையில் பிடித்துவிட்டால் தமிழ் தடதடவென்று வரும். அதை இந்தியில் எடுத்துச் சொல்ல லோவுவில் நாகையாவை விட்டால் ஆள் கிடையாது.

இன்று குறி கேட்க நின்றது அவருடைய மகள் ஷிவானியும் மருமகன் அமித்தும். பட்டாளம் இரண்டாவது தடவையும் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து கரும்புத் தோட்டத்து இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்தன.

“கனடா போறதா, இங்கியே இருக்கறதா? ஆத்தா ஒரு வார்த்தை சொல்லட்டும் மாமா” என்றான் அமித்.

ஆத்தா உறுமினாள், சிரித்தாள், தமிழில் நீளமாக என்னவோ சொன்னாள். விரலை ஷிவானி பக்கம் நீட்டினாள், அமித் பக்கம் நீட்டினாள், கடைசியில் நாகையாவின் நெஞ்சில் நறுக்கென்று குத்தினாள். சீக்கிரம் எடுத்துச் சொல்லு என்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டார் அவர்.

எதை எடுத்துச் சொல்வது? நாகையாவுக்குத் தெரிந்த தமிழே சோறு, தண்ணி, உக்காரு, அப்புறம் இரண்டு கெட்ட வார்த்தை. ஆத்தா பேசியதில் அவற்றில் ஒன்றும் வரவில்லை.

இத்தனை வருஷமாக அதற்காக அவர் கலங்கியதும் இல்லை. தெய்வத்தின் மனதில் இருப்பதை எந்த மனுஷன் முழுசாகக் கண்டான்? பெரிய பெரிய சாமியார்களே குத்துமதிப்பாகத்தானே சொல்கிறார்கள்? பக்கத்து வீட்டு ஜான்கிக்கு ஆண் குழந்தை என்று சொல்லிப் பெண் பிறந்தபோதுகூட, “மனுஷக் காது அவ்வளவுதாம்மா, பாதிதான் விழுது” என்று சமாளித்துவிட்டார். ஜான்கி அதற்கும் சேர்த்துப் பொங்கல் வைத்தாள்.

இன்று மட்டும் சொல்லப்போவதை இரண்டு தடவை யோசித்தார். பெண்சாதி கண்ணை மூடிய பிறகு அவருக்கு இருப்பது இந்த ஒரு மகள். நீங்களும் வர்றீங்களா என்று அவர்கள் கேட்கவில்லை. தானாகக் கேட்க மாமனார் கௌரவம் விடவில்லை.

“ஆத்தா என்ன சொல்றான்னா...” கண்ணை இறுக மூடிக்கொண்டார். “கடல் தாண்டாதேங்கறா. அங்க பனியாம். பனி பட்டா மூக்கு உதிர்ந்து போயிடுமாம். அப்பன் பக்கத்துலயே இருந்துடுங்கறா.”

“மூக்கா?” அமித் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“ஆத்தாவே சொல்லிட்டா, அப்புறம் என்னங்க? போக வேணாம்” என்று ஷிவானி கண்ணைத் துடைத்தாள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நாகையா பெருமூச்சு விட்டுக் கற்பூரத் தட்டுக்குக் கை நீட்டினார்.

வேப்பிலைக் கொத்து அவர் மண்டையில் பளாரென்று விழுந்தது. ஆத்தா ஒற்றைக் கண்ணைத் திறந்து, இந்தத் தடவை எல்லோருக்கும் புரிகிற சுத்தமான இந்தியில் சொன்னாள்:

“அரே நாகையா, உன்னையும் கூட்டிக்கிட்டுல்ல போகச் சொன்னேன்!”