பட்டியலில் இல்லாத பெயர்

மரங்கொத்தியிடம் பொந்துகளை வாடகைக்குப் பிடித்து எறும்புகள் தானியம் சேர்த்துவந்தன. வாடகையும் தானியம்தான். "இந்த மாசம் வாடகை எக்கச்சக்கமாப் போயிருக்கு, மீதித் தானியம் மழைக்காலம் முடியற வரைக்கும் தாங்காது" என்று கணக்கு எழுதும் செவந்தி நேற்றுச் சொன்னபோது, தலைவி எறும்பு எல்லார் முன்னாலும் அவளைப் பொய்க்காரி என்று திட்டினாள்.

இன்று கணக்கைத் தானே பார்த்துவிட, அது இருந்த பொந்துக்குத் தலைவி யாருக்கும் தெரியாமல் வந்தாள். வாசலைக் காத்த கட்டெறும்பு மறித்தது.

"உங்களுக்கு அனுமதி இல்லைங்கம்மா."

"எந்த மடையன் சொன்னது?"

"நீங்கதாங்கம்மா. கண்டவங்களும் கணக்கைப் பார்க்கக் கூடாதுன்னு போன வாரம் அனுமதிப் பட்டியல்லேருந்து எல்லார் பேரையும் எடுக்கச் சொன்னீங்க. எழுதறதுக்கு ஒருத்தி வேணுமேன்னு செவந்தியை மட்டும் விட்டீங்க. இனி பேர் சேர்க்கணும்னாலும் அவதான் சேர்க்கணும்."

தலைவி வேறு வழியில்லாமல் செவந்திக்கு ஆள் அனுப்பினாள்.

செவந்தி ஓடி வந்தாள். தலைவியின் பெயரைச் சேர்த்துவிட்டு, "நிதானமாப் பாருங்கம்மா, நான் வெளியில நிக்கறேன்" என்றாள்.

செவந்தி சொன்னதேதான் கணக்கில் இருந்தது, ஒரு தானிய மணிகூட மாறாமல்.

பார்த்து முடித்து வெகுநேரமாகியும் தலைவி வெளியே வரவில்லை. வாசலில் செவந்தி நின்றுகொண்டிருந்தாள்.