சுவரில் ஒன்றும் இல்லை

நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் நெடுமாறன் பகலில் தூங்குவதற்காகக் குவார்ட்டர்ஸ் ஜன்னல்களில் அட்டை ஒட்டியிருந்தான். அந்த இருட்டு வீணாகக் கூடாது என்றுதான் டிவிக்குப் பதிலாகப் புரொஜெக்டர் வாங்கினான். கட்டிலுக்கு முன்னால் ஸ்டூல், அதன்மேல் புரொஜெக்டர், எதிரே வெள்ளைச் சுவர்.

காலண்டர், சுவிட்ச் போர்டு எது குறுக்கே இருந்தாலும் அதன்மேல் படாமல் படத்தைத் தானே சுருக்கிக்கொள்ளும் கருவி அது. அவன் சுவரிலிருந்த ஆணியைக்கூடப் பிடுங்கியிருந்தான். ஆனாலும் முதல் நாளே ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டுத்தான் படம் விழுந்தது. மறுநாள் அந்த இடம் இன்னும் அகலமானது.

புரொஜெக்டரை விற்ற மந்தாரக்குப்பம் கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"மிஷின் நல்லாத்தாங்க இருக்கு. எதுனா குறுக்க நின்னாதான் இப்படிச் சுருக்கும். அது மிஷின் கிட்ட வர வர படம் சின்னதாயிடும்."

"நம்ம வூட்டுச் சுவத்துல ஒண்ணுமே இல்லியே," என்றாள் அவன் மனைவி எழில்மதி. "இதக் குடுத்துட்டு டிவியே வாங்கிடலாங்க. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

அவன் கேட்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில் படம் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது.

இன்று மத்தியானம் சுவர் முழுக்கப் படம் வந்தது.

"எழிலு, வந்து பாரு! சரியாப் போச்சு!" கட்டிலில் சாய்ந்தபடி கத்தினான். சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"கொஞ்சம் தள்ளி உக்காரு," என்றான் அவன், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். "மேல சாயாத."

இரண்டு டம்ளர்களோடு அவள் இன்னும் சமையலறை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள்.