இருபத்திரண்டு குனிந்த தலைகள்

கோவில்பட்டியில் திறக்கவிருக்கும் ஓவியக்கூடத்தின் வட்டச் சுவரில் இருபத்திரண்டு பெண்கள் தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குகிறார்கள். எல்லோரும் குனிந்திருக்கிறார்கள். சுவர் முழுவதையும் ஒரே சுற்றுப்படமாக்கித் தருவது என் வேலை. நடுவில் கேமராவை நிறுத்தித் திருப்பித் திருப்பிப் பன்னிரண்டு படம் எடுத்து ஒட்டினேன்.

ஒட்டிய படத்தில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

எடுக்கும்போது ஆள் அசைந்தால் இப்படிக் கோளாறு வரும். சாயம் அசையாது. சுவரில் போய்ப் பார்த்தேன். அங்கே குனிந்துதான் இருந்தாள்.

மேலாளர் செண்பகராஜ் முகம் சுளித்தார். "கூடம் கட்டிக் குடுத்ததே ஆபீஸ் முதலாளி. அவிய பாத்தா என்ன நெனைப்பாவ? குனிய வச்சிரும்மா."

பக்கத்துப் பெண்ணின் குனிந்த தலையை நகலெடுத்து அவள்மேல் ஒட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை அவசரமாகக் கூப்பிட்டார். சுவரிலேயே இரண்டு பேர் நிமிர்ந்திருந்தார்கள். அவளும், நான் தலையை நகலெடுத்த பெண்ணும். விரலால் தேய்த்துப் பார்த்தேன். சாயம் நன்றாகக் காய்ந்திருந்தது.

"பெயிண்டரை வரச் சொல்லிருக்கேன். நீயும் படத்துல ரெண்டு பேரையும் குனிய வச்சிரு."

"எங்கம்மா முப்பது வருசம் இப்படித்தான் குனிஞ்சு கெடந்தா அண்ணாச்சி. இனி ஒருத்தியையும் நான் குனிய வைக்க மாட்டேன்."

கேமராவைப் பையில் வைத்தேன். நானும் மேலாளரும் வெளியே வந்து வாசலில் நின்றோம். பதினொரு மணிக்குப் பெயிண்டர் வந்து கதவைத் திறந்தார். இருபத்திரண்டு பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் சாய டப்பாவை வாசலிலேயே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.