தேங்காய்ப்பால் உறையும் வரை

மெர்லின் கிளறிக்கொண்டே இருந்தாள். கரண்டியை நிறுத்தினால் அடிபிடித்துவிடும்.

தேங்காய்ப்பால் இன்னும் நீர்த்துத்தான் இருந்தது. சர்க்கரை கரைந்துவிட்டது. சோளமாவையும் கரைத்து ஊற்றியாகிவிட்டது. இனிமேல் சிறு தீயும் பொறுமையும்தான்.

கெட்டிப்படுவது சட்டென்று நடக்கும் என்று நலானி சொல்லியிருந்தாள். அதுவரை ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருக்குமாம்.

நலானி, ஹவாய்த் தீவின் ஹொனலுலுவில் மெர்லினும் புருஷன் கிங்ஸ்லியும் இருந்த வீட்டுக்குக் கீழ்வீட்டுக்காரி. மெர்லினுக்கு வயிறு தெரியத் தொடங்கிய நாட்களிலேயே மேலே ஏறி வந்து இந்த ஹவுபியாவைக் கிண்டக் கற்றுக்கொடுத்துவிட்டாள். அந்த ஊரில் குழந்தையின் முதல் பிறந்தநாள்தான் பெரிய விசேஷம். கல்யாணத்துக்கு அழைப்பதுபோல ஊரையே அழைப்பார்கள். வெள்ளை வெளேரென்று சதுரமாக வெட்டிய இந்தத் தேங்காய்ப்பால் இனிப்பு இல்லாமல் நலானி வீட்டில் அந்தப் பந்தி நடந்ததில்லை. உன் பிள்ளைக்கு உன் கையால்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தாள்.

இன்றைக்கு அந்த முதல் பிறந்தநாள்.

பிள்ளை இல்லை.

மாதம் நிறையாமல் வந்துவிட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பகலும் ஓர் இரவும் மூச்சு விட்டான். ஜோயல் என்று பெயர் வைத்தார்கள். கடல் தெரிகிற ஒரு சரிவில் அடக்கம் செய்தார்கள். கிங்ஸ்லிக்கு லீவு முடிந்தது, வேலைக்குப் போனான். அவன் கிளம்பிப் போன பிறகு அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. நாகர்கோவிலுக்கு, அம்மா வீட்டுக்கு வந்தாள்.

நாகர்கோவிலைப் பொறுத்தவரை ஜோயல் பிறக்கவே இல்லை.

மெர்லின் உண்டானபோதே, ஏழாம் மாதம் ஆகட்டும், அதுவரை யாரிடமும் மூச்சு விட வேண்டாம், கண்ணு பட்டுவிடும் என்று அம்மா லில்லிபாய் சொல்லியிருந்தாள். ஏழாம் மாதம் வரவில்லை.

திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து கூட்டி வரும்போது, காரில், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"யாருக்கும் தெரியாதது நல்லதாப் போச்சு மக்ளே."

ஆறுதலாகத்தான் சொன்னாள்.

அதன் பிறகு மெர்லின் ஜோயலைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்கிறவர்களிடம், லீவுக்கு வந்திருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். லீவு நீண்டுகொண்டே போனது. தெருவும் கேட்பதை நிறுத்திவிட்டது.

காலையில் தேங்காய் வேண்டும் என்றபோது அம்மா எதற்கென்று கேட்கவில்லை. துருவினாள். பிழிந்தாள். முதல் பாலை மட்டும் எடுத்துத் தந்தாள். ஏலக்காய் பொடிக்கட்டுமா என்று கேட்டாள். இதில் அதெல்லாம் கிடையாது என்று மெர்லின் சொன்னதும் இடிகல்லைத் திரும்ப வைத்துவிட்டாள்.

கரண்டி கனத்தது.

நலானி சொன்னது சரிதான். ஒரே சுற்றில் பால் இறுகி, பளபளவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. மெர்லின் அதைத் தட்டில் கொட்டி மட்டப்படுத்தினாள். ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்தாள்.

பிறகு ஃபிரிட்ஜில் சாய்ந்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதுகில் அது மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது.

அம்மா அடுக்களை வாசல்படியில் நின்று பார்த்தாள்.

"இவ்வளவும் யாருக்கு?"

"இன்னைக்கு அவனுக்குப் பொறந்தநாள்மா."

அம்மா துருவிய சிரட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அங்கே வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்கு மேல் மெர்லின் தட்டை வெளியே எடுத்தாள். கத்தியை நனைத்து நனைத்து வெட்டினாள். ஓரம் சிதையாமல் வந்தது. ஒரு துண்டை வாயில் போட்டாள். சில்லென்று இருந்தது. நன்றாகவே வந்திருந்தது.

விழுங்க முடியவில்லை.

தட்டோடு எழுந்தாள். கொல்லையில் குப்பை வாளியின் மூடியைத் திறந்தாள். தட்டைச் சாய்த்தாள்.

அம்மாவின் கை வந்து தட்டைப் பிடித்தது.

அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நிறையத் துண்டுகளை ஒரு கிண்ணத்தில் அடுக்கி, வாழையிலைக் கீற்றால் மூடினாள். அறைக்குள் போய், கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். தலையை வாரியிருந்தாள். கண் சிவந்திருந்தது.

கேட்டைத் திறந்துகொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

அடுக்களை ஜன்னல் பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்தபடி இருக்கும். மெர்லின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன விசேஷம் லில்லி, சேலையெல்லாம் மாத்திட்டு?" தங்கபாய் அக்காவின் குரல்.

"பேரனுக்கு இன்னைக்கு மொதப் பொறந்தநாள்க்கா."



"பேரனா? எப்பம் பொறந்தான்? பிள்ளை எங்க?"

மெர்லின் கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள். சமாளிப்பதில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை.

"ஜோயல்னு பேரு" என்றாள் அம்மா. குரல் ஓரிடத்தில் உடைந்தது. ஆனாலும் நிற்கவில்லை. "எடுத்துக்கிடுங்க. எல்லாம் சொல்லுதேன்."

நாற்காலி இழுபடுகிற சத்தம். பிறகு அம்மாவின் குரல் தாழ்ந்துவிட்டது. இங்கே கேட்கவில்லை.

எதிர்வீட்டுக்குக் கொடுக்க இன்னும் துண்டுகள் மீதி இருந்தன.

மெர்லின் அவற்றை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தாள். முகத்தைக் கழுவினாள்.

நைட்டியை மாற்றிச் சேலை கட்டிக்கொள்ள உள்ளே போனாள்.