மன்னிக்காத மாமியார்

"சொல்லுங்கம்மா. ஒரே ஒரு வாக்கியம். 'ஐ ஃபர்கிவ் யூ.' இதுல என்ன கஷ்டம்?"

பெயின்ட் கடைக்காரம்மா வாயைத் திறக்கவில்லை.

அந்த ஆங்கிலப் பேச்சு வகுப்பில் டீச்சர் வைத்ததுதான் சட்டம். தினம் ஒரு வினைச்சொல். ஸ்பெல்லிங்கைக் கோரஸாகச் சொல்ல வேண்டும், அர்த்தத்தை ஒப்பிக்க வேண்டும், பிறகு ஆளுக்கு ஒரு வாக்கியம். சொல்லாதவர்கள் சொல்லும்வரை நிற்க வேண்டும். டீச்சருக்கு முப்பது வயதுதான் இருக்கும். ஆனால் தலை நரைத்தவர்களுக்கும் அவளிடம் சலுகை கிடையாது.

கடைக்காரம்மா நேற்றும் நின்றார், இன்றும் நிற்கிறார்.

இத்தனைக்கும் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டு வந்தவரே அவர்தான். சேர்ந்த அன்றே கேட்டார்.

"என் மருமக வெளிநாட்டுக்காரி, டீச்சர். ஞாயித்துக்கிழமை ஆனா போன் பண்ணி அழறா. 'ஃபர்கிவ், ஃபர்கிவ்'னு சொன்னதையே சொல்றா. அதுக்கு என்ன அர்த்தம், நான் என்ன பதில் சொல்லணும்? அதை மட்டும் சொல்லிக் குடுத்துடு, போதும்."

"பாடத்துல வரும்போது வரும்மா. அவசரப்பட்டா இங்கிலீஷ் வராது."

அந்தம்மா காத்திருந்தார். 'கட்', 'மிக்ஸ்', 'கேரி' என்று வந்த வார்த்தைக்கெல்லாம் கடகடவென்று வாக்கியம் சொன்னார். நேற்றுதான் பலகையில் அந்தச் சொல் ஏறியது. எஃப், ஓ, ஆர், ஜி, ஐ, வி, ஈ.

"மன்னிக்கிறது. ஒருத்தர் நமக்குத் தப்பு பண்ணியிருந்தா, போனாப் போகட்டும்னு விட்டுடறது" என்றாள் டீச்சர்.

கடைக்காரம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"அவ்வளவுதான் அர்த்தமா? வேற ஒண்ணும் இல்லையா?"

"அவ்வளவுதான். எங்க, நீங்க சொல்லுங்க. மருமககிட்ட சொல்ற மாதிரியே சொல்லுங்க."

அப்போது மூடிய வாய்தான். இன்று ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு முடிகிற நேரம். இன்னும் திறந்தபாடில்லை.

"மாமியாராச்சே டீச்சர்! அவ்வளவு சுலபமா விட்டுக் குடுத்துடுவாங்களா?" என்றார் கடைசி பெஞ்சு லிஃப்ட் மெக்கானிக்.

வகுப்பே சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. அவளுக்கும் ஒரு மாமியார் இருக்கிறார். காதலித்துக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக இன்றுவரை முகம் கொடுத்துப் பேசாதவர். இந்த அம்மாவைப் பார்க்கப் பார்க்க அந்த முகம்தான் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

எல்லோரும் கிளம்பினார்கள். கடைக்காரம்மா மட்டும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். டீச்சர் பலகையை அழிக்காமல் வந்து எதிரில் நின்றாள்.

"அந்தப் பொண்ணு அப்படி என்னம்மா பண்ணிட்டா? உங்க பையனைக் கட்டிக்கிட்டது ஒரு குத்தமா?"

"கல்யாணத்துக்கு நான் போகலை" என்றார் கடைக்காரம்மா தலையைக் குனிந்தபடி. "போயிருக்கணும்."

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. மருமகள்தான். கடைக்காரம்மா எடுத்தார். காதோடு வைத்துக்கொண்டு பலகையையே பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து அழுகைச் சத்தம் டீச்சருக்கே கேட்டது. விக்கி விக்கி, மூச்சுத் திணறி, "ப்ளீஸ், ஃபர்கிவ் மீ" என்று ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

டீச்சரால் பொறுக்க முடியவில்லை.

"குடுங்க இப்படி. நானே அவகிட்ட சொல்லிடறேன், 'உன் மாமியார் மன்னிச்சுட்டாங்க'ன்னு."

"வேணாம்!" கடைக்காரம்மா போனை நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். "அதை மட்டும் சொல்லிடாதே!"

"ச்சே! நீங்கல்லாம் ஒரு பெரிய மனுஷியா? மனசு என்ன கல்லா? அங்க ஒரு உசிரு துடிச்சிட்டிருக்கு, இங்க நின்னுக்கிட்டு வீம்பு பிடிக்கிறீங்களே!"

அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"அன்னைக்கு அங்க மழை பெய்ஞ்சிருக்கு டீச்சர். காரை அவதான் ஓட்டியிருக்கா. எதிர்ல வந்த லாரி தடம் மாறி வந்து மோதிடுச்சு. பக்கத்துல உக்காந்திருந்த என் பையன்..."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் எப்போது கீழே விழுந்தது என்று அவளுக்கே தெரியாது.

"மூணு மாசமாச்சு. அவ சோறு தண்ணி இல்லாம கிடக்கறாளாம், பையனோட சிநேகிதன் சொன்னான். தன்னாலதான், தன்னாலதான்னு தலையில அடிச்சிக்கறாளாம். அவளுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவ பாஷை தெரியாது. என் வாயாலயே என்ன சொல்லி அவளைத் தேத்தறதுன்னுதான் உன்கிட்ட வந்தேன்."

போனில் அழுகை இன்னும் ஓயவில்லை. கடைக்காரம்மா அதை டீச்சர் பக்கம் நீட்டினார்.

"மன்னிச்சுட்டேன்னு சொன்னா, அவ தப்பு பண்ணினான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடாதா? உன் மேல ஒரு தப்பும் இல்லைடி கண்ணு, கிளம்பி என்கிட்ட வந்துடுன்னு சொல்லணும்... அதுக்கு வார்த்தை சொல்லிக் குடு, தாயி."