குண்டூசி குத்திய விரல்

காலை வெயில் மிஷன் லேஸ் வீட்டுச் சன்னல் வழியாகப் பூங்கனியின் மடியில் விழுகிறது, மக்கா. மடியில் ஒரு கிண்ணம் மஞ்சாடிக்குரு, வழவழப்பான சிவப்பு விதைகள். நரம்பு மரத்துப்போன விரல்கள் மடங்கி இறுகிவிடாமலிருக்க, எண்ணெய் தடவி நீவி, குருவை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போடச் சொல்லியிருக்கிறாள் ஆஸ்பத்திரி நர்ஸம்மா. நழுவாமல் எடுக்கிற அன்றைக்குத்தான் லேஸ் பின்னும் திண்டு திரும்பக் கிடைக்கும். குரு நழுவி நழுவி ஓடுகிறது. எதிரே, ஆறு வருஷம் அவளுடையதாயிருந்த அந்தத் திண்டில் செல்லபாய் பின்னுகிறாள். நூல் சுற்றிய கட்டைகள் கலகலக்கும்போதெல்லாம் பூங்கனி தலைதூக்கிப் பார்க்கிறாள். "குரு பொறுக்கி முடிச்சியாக்கா?" என்று செல்லபாய் சிரிக்கிறாள். "ஏட்டி, வேலையப் பாரு. மூணாவது பூ கோணிப்போச்சு" என்கிறாள் பூங்கனி. பதறித் திரும்பிய செல்லபாயின் விரலில், திண்டில் குத்தியிருந்த குண்டூசி ஏறுகிறது. "அய்யோ!" என்று கையை உதறுகிறாள், கண் கலங்குகிறது. பூங்கனி தன் ஆள்காட்டி விரலைப் பார்க்கிறாள். நேற்று அடுப்பில் சுட்ட கொப்புளம். அது உடைகிறவரை அவளுக்குத் தெரியவேயில்லை. பிறகு செல்லபாயின் விரல்நுனியில் துளிர்க்கும் ரத்தத்தையே பார்க்கிறாள். "ரொம்ப நோவுதாட்டி?" "உயிரு போவுதுக்கா." பூங்கனி சிந்திய குருவைக் குனிந்து தேடுகிறாள். "குடுத்துவச்சவட்டி நீ."