அவன் பங்குப் பாட்டு

கேள்வியை அவள் பாடி முடித்துவிட்டாள்.

இனி அவன் பதில் பாட வேண்டும்.

அவனிடம் பதில் இல்லை. இன்று அவள் பாட்டுக் கட்டித் தரவில்லை.

உருமி விடாமல் ஒலித்தது. மேடைக்குக் கீழே சனம் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தது.

கணவனும் மனைவியுமாக எதிர்ப்பாட்டுப் பாடுவது அவர்கள் தொழில். அந்தந்த நேரத்தில் மனதில் தோன்றுவதைப் பாடுகிறார்கள் என்று ஊர்கள் நம்பின. உண்மையில் இரண்டு பக்கத்தையும் கட்டுகிறவள் அவள்தான். திருவிழாவுக்குப் போகும் வேனில் அவன் பங்கைப் பாடிக் காட்டுவாள். ஒருமுறை கேட்டால் பிடித்துக்கொள்வான். நல்ல குரல்.

காதலித்தபோதும் அப்படித்தான். கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான்.

மேடையில் அவன் மயிலே என்பான், மாம்பூவே என்பான். கேட்கிறவர்கள் சொக்கிப்போவார்கள். அவளும் சொக்கிப்போவாள்.

பிறகு, அது அவளே எழுதிய வரி என்பது நினைவுக்கு வரும்.

வீட்டில் அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை.

இன்று வேனை விட்டு இறங்கும்போது கேட்டான்.

"எம் பாட்டு எங்கடி?"

"நீங்களே கட்டிக்கங்க மச்சான்."

சிரித்தான். விளையாட்டு என்று நினைத்துவிட்டான்.

இப்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

அவள் பாடிய கேள்வி இதுதான்:

கடலைக்கொடி பறிக்கையில கைப்புடிச்ச மச்சானே
கல்யாணம் முடிஞ்ச பின்னே கண்டதென்ன எங்கிட்ட

அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயமா, ஆசையா, அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒரு வரி போதும். நொண்டி வரியானாலும் போதும். அவனுடையதாக இருந்தால் போதும்.

அது வராவிட்டால், இனி ஒரு மயிலையும் அவளால் எழுத முடியாது.

முன்வரிசையில் குழந்தையை மடியில் வைத்திருந்த பெண் குரல் கொடுத்தாள்.

"அண்ணே, யோசிக்கிறத வீட்ல போயி யோசிங்க. இங்க பாடுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அவன் மைக்கைக் கைமாற்றினான். வேட்டியில் உள்ளங்கையைத் துடைத்தான். அவளைப் பார்க்கவில்லை. மேடைப் பலகையைப் பார்த்தபடியே பாட்டை எடுத்தான். சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது.

விடியக்காலம் முழிச்சுக்கிட்டு வெரலால எம் முதுகுல
பாட்டெழுதிப் பாக்குறியே, அழிச்சழிச்சு எழுதுறியே
தூங்குறேன்னு நெனப்பு ஒனக்கு, தூங்கலடி பொண்டாட்டி
பாட்டு கலைஞ்சு போகுமின்னு பொரளாமக் கெடக்கேன்டி

கடைசி அடி தாளத்துக்குள் அடங்கவில்லை. உருமிக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு தட்டைக் கூட்டி அதைப் பிடித்துக்கொண்டார்.

விசில் பறந்தது.

அவளுடைய சுட்டுவிரல் தானாக மடங்கி உள்ளங்கைக்குள் போனது.

மச்சான் வரவில்லை என்று ஏங்கும் பாட்டு. சிங்கப்பூர் போய் மறந்தவனை ஏசும் பாட்டு. நத்தம் தொடங்கி மேலூர் வரை பெண்களை அழவைத்த அத்தனை பிரிவுப் பாட்டும் அந்த முதுகில் எழுதியவை.

ஒருமுறைகூட அவன் புரண்டு படுத்ததில்லை.

அசந்து தூங்குகிற மனிதன் என்று நினைத்திருந்தாள்.

மேளம் சுற்றி வந்து நின்றது. அவள் முறை.

அவன் இப்போதுதான் நிமிர்ந்தான். காதுமடல் சிவந்திருந்தது. மைக்கை விலக்கிப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டான்.

"சரியா வந்துச்சா புள்ள?"

இதற்கு அடுத்த அடியை அவள் கட்டி வைத்திருக்கவில்லை.

முதல் சொல் என்னவென்று தெரியாமலேயே மூச்சை இழுத்தாள்.